இரவல் வயசு

"அந்தப் படத்தைச் சுருட்டி வை, தியெப். கட்டடம் காகிதத்துல எழும்பாது."

கட்டுமானக் கம்பெனியின் இயக்குநர் சாங் இப்படிச் சொன்னதும் அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் சிரிக்க வேண்டிய இடம் அது.

தியெப் சுருட்டவில்லை. டா நாங் நகரத்தில் எழும்பும் அந்த மருத்துவமனையில் எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று திட்டம் போடுவது அவள் பொறுப்பு.

"புயல் வர்றதுக்குள்ள கூரைக்கு கான்கிரீட் போட்டாகணும் சார். இல்லைன்னா கீழ் மாடியெல்லாம் குளமாயிடும். ஆத்தங்கரை சைட்ல இருந்து பம்பையும் ஆட்களையும் கொஞ்ச நாளைக்குக் கொடுங்க. மாசக் கடைசிக்குள்ள முடிச்சிடலாம்."

"ஆத்தங்கரையில கட்டுறது என் பேர் போட்ட ஹோட்டல். அங்கேருந்து ஒரு சாந்துச் சட்டிகூட நகராது."

"அப்புறம், நீங்க தினமும் வந்து..."

"வந்து?"

"நேத்து மாடிப்படியைத் தள்ளி வைக்கச் சொன்னீங்க. இன்னிக்குப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்றீங்க."

"அதுக்குப் பேர் மேற்பார்வை. கூரை இல்லாம கட்டடம் நனைஞ்சுதுன்னா முதல்ல போறது உன் வேலைதான், தெரிஞ்சுக்க. நாள் குறிக்க உன் கோடெல்லாம் எதுக்கு? அதுக்குன்னு பெரியவர் இருக்கார்."

சாங், ஜோசியர் பாவுக்கு ஃபோன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். பொறியியலில் வெளிநாட்டுப் பட்டம் வாங்கிய மனிதர், ஃபோனுக்கு முன்னால் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"புலி வருஷத்துக்காரர்தானே நீங்க?" என்றது குரல். அந்த ஊரில் பிறந்த வருஷத்துக்கெல்லாம் மிருகத்தின் பேர்தான். "இந்த வருஷம் உங்க வயசு கூரைக்கு ஆகாது. குதிரை வருஷத்துல பிறந்தவர் ஒருத்தரோட வயசை இரவல் வாங்குங்க. அவர்தான் ஊதுவத்தி ஏத்தி ஆரம்பிக்கணும். முடியிற வரைக்கும் கட்டடம் அவருடையது. நீங்க அந்தத் தெருவுலயே தலை காட்டக் கூடாது."

"நாள், ஐயா?"

"வர்ற வெள்ளி, விடியக்காலை. விட்டா அடுத்த வருஷம்தான்."

மேஸ்திரி தோய் மெல்லக் கை தூக்கினார். "நான் குதிரைதான் சார்."

"பார்த்தா அப்படித் தெரியலையே," என்றார் சாங். மறுபடியும் சிரித்தார்கள்.

தியெப் பதறினாள். "வெள்ளிக்கிழமையா? நடக்காது சார். ஆள் ஏது, பம்ப் ஏது?"

"ஆத்தங்கரையில இருக்கிற அத்தனையும் ஓட்டிக்கிட்டு வா."

"ஹோட்டல் வேலை நின்னுடுமே சார்?"

"நிக்கட்டும். பெரியவர் சொன்னதுக்கப்புறம் நீ யாரு பேச?"

அவள் முகம் மழையில் நனைந்த பட்டாசு மாதிரி ஆனது. படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினாள்.

வெள்ளிக்கிழமை விடியலில், இரவல் முதலாளி தோய் புதுச் சட்டையோடு ஊதுவத்தி ஏற்றினார். பம்புகள் இரைந்தன. இரண்டு சைட் ஆட்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். எதையும் தள்ளி வைக்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை. சாங் இரண்டு தெரு தாண்டி ஒரு காபிக் கடையில், கட்டடம் இருக்கும் திசைக்குப் பணிவாக முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்வதற்குள் கூரை முடிந்தது.

அடுத்த வாரம் வந்த புயல் ஊரில் பாதி ஓடுகளைக் கடலுக்குக் கொண்டுபோனது. மருத்துவமனைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை.

சாங் முழுப் பன்றி வறுத்து விருந்து வைத்தார். பியர்க் குவளையை உயர்த்தி, "மாசக் கடைசின்னு சொன்ன அம்மா எங்கே? உன்னை நம்பியிருந்தா இந்நேரம் படகுலதான் வேலைக்கு வந்திருப்போம். பிழைச்சுப் போ, உன் வேலை உனக்குத்தான்," என்றார்.

"நீங்க சொன்னா சரிதான் சார்," என்று தலை குனிந்தாள் தியெப்.

ஃபோன் அடித்தது. எடுத்துக்கொண்டு கூட்டத்தை விட்டு விலகி வந்தாள்.

"சாப்பிட்டீங்களா மாமா?"

"அது கிடக்கட்டும்மா," என்றார் ஜோசியர் பாவ். "லிஃப்ட் மாட்ட எது நல்ல நாள்னு சீக்கிரம் சொல்லு. உங்க ஆளு காலையில கேட்பாரு."