பண்ணிக்கலாம்

ஓட்டல் அறையின் குறுகலான மேசைமேல் கெட்டில் கொதிக்கிறது. தேநீருக்கென்று வைத்த அந்தக் கெட்டிலுக்குள், ஆளுக்கொன்றாகப் போட்ட இரண்டு முட்டைகள் ஒன்றையொன்று முட்டித் தடதடக்கின்றன. எழும் ஆவி சுவர்க் கண்ணாடியில் படிந்து அவள் முகத்தைப் பாதி மறைக்கிறது. தரையில் மண்டியிட்டு, வெள்ளித்தாளில் சுற்றிய ரொட்டியின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துகிறாள். சட்டை தேய்க்கும்போதுகூட இத்தனை அழுத்தியதில்லை. "ஓட்டல் சாப்பாடெல்லாம் எதுக்கு, காலைல ரூம்லயே ஈஸியா பண்ணிக்கலாம்" என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே சொன்ன கணவன், அந்தப் 'பண்ணிக்கலாம்' என்பதில் தானும் சேர்த்தி என்பதை நான்கு நாளாக மறந்தே போயிருக்கிறான். இப்போதும் போர்வைக்கு வெளியே கால் விரல்களை ஆட்டியபடி, தன் அண்ணனிடம் போனில் பெருமையடிக்கிறான். "டிபன் நாங்களே பண்ணிக்கிறோம்ண்ணே. ஒரு கஷ்டமும் இல்ல."

அவள் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்குகிறாள். கெட்டிலை அணைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறாள். சூடு ஆறாத முட்டைகளை விரல் சுடச் சுட உரித்து, ரயிலில் கொடுத்த உப்பைத் தூவி, ரொட்டி மொத்தத்தையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருகிறாள். வெயில் நேராக முகத்தில் விழுகிறது. முதல் முட்டை போய், இரண்டாவதும் பாதி போகும்போது அவன் போனை வைக்கிறான்.

"என்ன, சாப்பிடலாமா?"

வாயில் இருப்பதை மென்று முடித்துவிட்டுத்தான் பேசுகிறாள்.

"முட்டை பையில இருக்கு. தண்ணி பைப்புல இருக்கு. பண்ணிக்கலாம்."