தாடையில் தங்கக் கம்பி

தட்டார்களுக்குப் பேர்போன செங்கணைக் கோட்டையை எதிரிகள் வளைத்து நான்கு மாதமாகிவிட்டது. உள்ளே தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. பிடிபட்ட எதிரி வீரன் ஒருவனுக்குத் தாடை உடைந்திருந்தது. கம்பி இழுப்பதில் கைதேர்ந்த ஆவுடையாள், அவன் பற்களைத் தங்கக் கம்பியால் சேர்த்துக் கட்டினாள்.

"நம்ம பிள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க. இவனுக்குப் போயி தங்கமாக்கா?" என்றான் காவலன் மாறப்பன்.

"சோறாக்க முடியாத தங்கம்தானே, இதுக்காவது ஆகட்டும்."

வலி தணிந்ததும் வீரன் மணலில் விரலால் கோட்டையை வரைந்தான். சுற்றிலும் கூடாரங்களைப் புள்ளியிட்டான். வடக்கே ஓடைப் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டு, அங்கே யாருமில்லை என்று கையை விரித்தான்.

"நம்பலாமாக்கா?"

ஆவுடையாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"பிள்ளைங்களைக் கூட்டியா. ஓடை வழியா நான் முன்னால போறேன்."