மாதம் பதினெட்டு மூட்டை

கேட்டைத் திறந்ததுமே காளை முறைத்தது. நீலக் காளை. கால்மிதியிலிருந்து ஒன்று, ஸ்கூட்டர் உறையிலிருந்து ஒன்று, குளியலறை வாசலில் தொங்கிய திரையிலிருந்து ஒன்று. மண் நிரப்பிய சாக்கு ஒன்றில் காளையின் காதோரம் ஓட்டை போட்டுத் தக்காளிச் செடி வளர்த்திருந்தார்கள்.

எல்லாம் அவன் விற்கும் மாட்டுத் தீவனத்தின் காலிச் சாக்குகள். விற்பனையாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிய பெண்டாட்டி கூட அவன் கம்பெனியை இவ்வளவு மதித்ததில்லை.

இந்தப் பகுதிக்கு அவன் மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தெரு நிறைய மாடுகள். ஆனால் அவனிடம் தீவனம் வாங்குவது இந்த ஒரே வீடு. மாதம் பதினெட்டு மூட்டை. போனில் ஆர்டர் வரும், லாரி வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகும்.

"அந்தத் தெருவுல இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இன்னும் ஒரே ஒரு வீட்டைப் பிடி. முடியலைன்னா நாளைக்கு ஆபீஸ் பக்கம் தலைகாட்டாதே" என்று மேனேஜர் காலையிலேயே போனில் அர்ச்சனை செய்திருந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றாள் வீட்டுக்கார அக்கா, தையல் மெஷினை விட்டு எழாமலே. நாற்காலி மெத்தையிலும் காளை. சோறு போடும் காளையின் மூஞ்சியில் உட்கார மனம் வராமல் அவன் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டான்.

"என்னக்கா தைக்கறீங்க?"

"கடைக்குக் கொண்டு போற பைதான். டவுன்ல பெரிய கடை ஒண்ணு, எத்தனை தைச்சாலும் எடுத்துக்கறாங்க. காளை நடுவுல வரணுமாம், கொம்பு வெட்டுப்படக் கூடாதாம். பணக்காரங்க இதைத் தோள்ல மாட்டிக்கிட்டு காபி குடிக்கப் போறாங்களாம். பை என்ன விலைக்குப் போகுதுன்னு சொன்னா மயக்கம் போட்டுடுவீங்க."

"நம்ம சாக்கா?"

"வேற கம்பெனி சாக்கும் பாத்தேன். ரெண்டு மழையில சாயம் போயிடுது. உங்களது நாய் கடிச்சாலும் கிழியாது. இதோ வர்றாரே, இவரையே கேளுங்க."

பால் பாக்கெட்டோடு உள்ளே நுழைந்தார் அவள் புருஷன், ரிட்டையர்ட் பஸ் கண்டக்டர். அவருடைய கால்சட்டையின் பின்பக்கத்தில் அதே சாக்கில் ஒட்டுப் போட்டிருந்தது.

"ஆமா தம்பி, கிழியல. எனக்குத்தான் ஊசி போட வேண்டியதாப் போச்சு" என்றவர், டீ போட அடுப்படிக்குப் போனார்.

இனியும் சுற்றி வளைத்துப் பயனில்லை என்று விற்பனையாளன் விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, என் வேலை உங்க கையிலதான் இருக்கு. காலையிலேருந்து வீடு வீடா ஏறி இறங்கறேன். மாடுங்க ஒவ்வொண்ணும் பீப்பா மாதிரி இருக்கு. ஆனா தீவனம்னு வாயைத் திறந்தாலே, தேவையில்லப்பான்னு கதவைச் சாத்தறாங்க. எதிர்வீட்டுப் பெரியவர் என்னைப் பாத்து விழுந்து விழுந்து சிரிக்கறாரு. கஞ்சப் பிசினாறிங்க! காத்தைக் குடிச்சா மாடு இப்படிக் கொழுக்கும்?"

"அப்படிச் சொல்லாதீங்க. தங்கமான மனுஷங்க. லாரி வந்தா மூட்டை இறக்க முதல்ல ஓடி வர்றதே அவங்கதான்."

"இறக்க வர்றாங்க, வாங்க வர மாட்டேங்கறாங்களே!"

அக்கா ஊசியில் நூல் கோத்தாள். அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, இந்த வேலையும் போனால் மாமனார் வீட்டுத் திண்ணைதான். மானம் மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கைகூப்பினான்.

"இந்தத் தெருவுல எனக்குச் சோறு போடற தெய்வம் நீங்க ஒருத்தர்தான்க்கா. எதிர்வீட்டுல நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அக்காவுக்கு மனசு இளகிவிட்டது. டீயோடு வந்த புருஷனைப் பார்த்து, "பாவங்க இந்தப் புள்ள. அடுத்த மாசம் இன்னும் நாலு மூட்டை சேத்து வாங்கிக்கலாமா?" என்றாள்.

"வாங்கிக்கலாமே. கடைக்காரரும் பை பத்தலைன்னுதான் சொல்றாரு" என்றார் அவர்.

"ஐயோ, மூட்டை வேணாம்க்கா, எனக்கு இன்னொரு வீடு வேணும்!" டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். திடீரென்று ஒரு யோசனை பளிச்சிட்டது. போனைக் கையில் எடுத்தான். "நீங்க எதுவும் பேசக்கூட வேணாம். உங்க மாட்டை மட்டும் காட்டுங்க, நாலு போட்டோ எடுத்துக்கறேன். நம்ம தீவனம் தின்ன மாடு எப்படி இருக்குன்னு அந்தப் பெரியவர் மூஞ்சிக்கு நேரா நீட்டறேன். கொட்டகை பின்னாடிதானே?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்ககிட்ட ஏது தம்பி மாடு?" என்றார் கண்டக்டர்.

அவன் போனை இறக்கினான். "அப்போ... மாசம் பதினெட்டு மூட்டைத் தீவனம்?"

அக்கா கொம்பில் படாமல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அதைத் தெரு பூரா சும்மாவே கொடுத்துடறோம் தம்பி, எங்களுக்குச் சாக்கு போதும்."