மூன்று விரல்கள்

தேநீரை அவள் இடது கையால் நீட்டினாள். அதிகாரி கோப்பையை வாங்காமல் சிரித்தார்.

"எடது கையால குடுக்குற அளவுக்குக் கோபமா, தங்கச்சி?"

"ஆறிடும். குடிங்க."

பதினோரு வருடங்களுக்கு முன், சொந்த நாட்டில், அவள் கணவரின் வலது கையை மேசை இழுப்பறைக்குள் வைத்து அறைந்து மூடச் சொன்னவர் இவர்தான். அன்று கோணிய மூன்று விரல்கள் பிறகு நிமிரவே இல்லை.

குற்றம், பத்திரிகையில் வாராவாரம் வந்த கேலிப்படம். தலைவர் எங்கே போனாலும் பின்புறத்தில் நாற்காலி ஒட்டிக்கொண்டே போகும். ஓரத்தில் பெயருக்குப் பதிலாக ஓர் எறும்பு இருக்கும். படத்தோடு பத்திரிகை ஆபீஸ் வாசலில் கணவர் பிடிபட்டார். இருவரையும் நாட்டை விட்டுத் துரத்தினார்கள். எட்டு வயது மகளை மட்டும் அனுப்பவில்லை.

"ஆனாலும் ஆர்ட்டிஸ்ட் சார், உங்கள மெச்சணும். வெரலை ஒடச்சுத்தான் அனுப்புனோம். அடுத்த மாசமே இங்கேருந்து படம் வருது! ஒரு கோடு பிசகல. எப்படிய்யா?"

"எல்லாம் இவ கைராசி," என்றார் கணவர்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு உறையிலிருந்து ஒரு தாளை உருவி மேசையில் வைத்தார்.

"'இனி நான் ஒரு கோடுகூட வரையமாட்டேன்.' அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டா, கீழ கார்ல இருக்குற உங்க மக மேல வருவா. இல்லன்னா என்கூடவே திரும்பிப் போவா."

அவள் ஜன்னலுக்குப் போனாள். மூன்றாவது மாடியிலிருந்து காரின் கூரைதான் தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு கை நீண்டு, மழைத்துளியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"போடுங்க," என்றாள்.

"நெசமாவா சொல்ற?"

"போடுங்கன்னா!"

கணவர் பேனாவைக் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே இடுக்கினார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு விழுந்தன.

"அட, ஏன் இப்படி நடுங்குறீங்க? இனிமே உங்கள யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க." அதிகாரி மையை ஊதிக் காயவைத்தார். அங்கேயே நின்று தலைவருக்குப் போன் போட்டார்.

"ஐயா, எறும்ப நசுக்கியாச்சுங்க. இனிமே ஒரு படம் வந்தா, என் தலைய எடுத்துக்குங்க ஐயா."

மகள் படியேறி வந்தாள். அம்மாவைவிட அரை அடி உயரமாக இருந்தாள். வந்ததும் அப்பாவின் கோணல் விரல்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அம்மா மகளின் ஈரத் தலையைத் துடைத்து, அறைக்குள்ளே தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

அதிகாரி வாசலுக்கு வெளியே குனிந்து பூட்ஸை மாட்டினார். தாள் அவர் சட்டைப் பைக்குள் பத்திரமாக இருந்தது.

"வர்றேன் தங்கச்சி. பழசையெல்லாம் மறந்துடுங்க."

"ஒரு நிமிஷம். உறைய விட்டுட்டுப் போறீங்களே."

அவள் மேசைமேல் குனிந்தாள். பேனா ஏழெட்டு முறை சரசரத்தது. நிமிர்ந்து, உறையை வாசலுக்கு வெளியே நீட்டினாள். மறுபடியும் இடது கையால்தான்.

உறையின் மேல் தலைவர் நின்றார், பின்புறத்தில் நாற்காலியோடு. அவர் எதிரே மண்டியிட்டு, தன் தலையைத் தானே தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தவர் இந்த அதிகாரி. பூட்ஸ் கயிற்றின் முடிச்சுகூடத் தப்பவில்லை. ஓரத்தில் மை காயாத ஓர் எறும்பு.

அதிகாரியின் கை சட்டைப் பைக்குப் போய் அப்படியே நின்றது. அவள் கதவைச் சாத்துமுன் சொன்னாள்:

"அன்னைக்கு நீங்க ஆள் மாத்தி வெரலை ஒடச்சிட்டீங்க, அண்ணே."