இன்ஜினியர் சொன்ன கம்ப்யூட்டர்

கடைசியில் உங்களைச் சிரிக்க வைக்கப் போகிறேன். இப்போதே கேட்டால் கிடைக்காது. முதலில் அப்பாவுக்கு நான் காது குத்திய கதையைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்கள். தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர்! கடையில் இரண்டு இருக்கின்றன. இரண்டும் ஒரே விலை.

ஒன்றுக்குக் கலர் மானிட்டர். கூடவே ஜாய்ஸ்டிக். விண்கலம் ஓட்டலாம், எதிரியைச் சுட்டுத் தள்ளலாம். ஹார்ட் டிஸ்க்தான் கிடையாது.

இன்னொன்றில் கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பார்த்தாலே கொட்டாவி வரும். ஆனால் ஹார்ட் டிஸ்க் உண்டு, பிரிண்டரும் உண்டு.

எது வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தால் வேலை சுலபம். அப்பா கேட்டது, அவர் ஆபீசுக்கு மிஷின் பழுது பார்க்க வரும் இன்ஜினியரை! "விசாரிச்சிட்டு சாயங்காலம் போன் பண்றேன்" என்று சொல்லியிருந்தாராம்.

அவர் மூக்கால் பேசுவார். மூச்சுக்கு மூச்சு "அதாவது பாருங்க" போடுவார். ஹெட்மிஸ்ட்ரஸ் முதல் பால்காரர் வரை எல்லார் குரலிலும் பேசிக் காட்டுகிற எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

எதிர்வீட்டு சிநேகிதியின் மாடியிலிருந்து போன் போட்டேன். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். நீங்களும் அடக்குங்கள். இன்னும் நேரம் வரவில்லை.

"அதாவது பாருங்க, நான் இன்ஜினியர் பேசறேன்."

நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

"அடடே, நீங்களா? சொல்லுங்க சார், சொல்லுங்க!"

மனுஷர் அப்படியே நம்பிவிட்டார்!

"கலர் மிஷினையே எடுத்துடுங்க. அதாவது பாருங்க, எதிர்காலமே கலர்லதான் இருக்கு."

"ரேமைப் பார்க்கச் சொன்னீங்களே சார். பச்சையில அறுநூத்தி நாப்பது கே.பி. கலர்ல அதுல பாதிகூட இல்லையே?"

"கலருக்கு மூளை ஜாஸ்தி சார். அதனால ஞாபக சக்தி கொஞ்சம் போதும்."

சிநேகிதி தலையணையோடு கட்டிலுக்கு அடியில் உருண்டாள்.

"ஓஹோ! ஹார்ட் டிஸ்க் இல்லையே, பரவாயில்லையா?"

"இருந்தா தூசி அடையும். அப்புறம் யார் துடைக்கறது?"

"அதுவும் சரிதான். ஜாய்ஸ்டிக்னு ஒண்ணு தர்றானே, அது எதுக்கு சார்?"

"அது... கைக்கு நல்ல பயிற்சி. டாக்டர்களே சிபாரிசு பண்றாங்க."

"கைக்கு நல்லதா?" அப்பாவின் குரல் தணிந்தது. "அப்ப உங்ககிட்ட சொல்லிடறேன் சார். என் மனைவிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கு."

"யா... யாருக்கு?"

"என் மனைவிக்குத்தான். வக்கீல்களுக்கு வீட்டுல இருந்தே டைப் அடிச்சுக் கொடுக்கறா இல்லையா? அந்தப் பழைய டைப்ரைட்டரை ஓங்கி ஓங்கி அடிச்சு இந்த நிலைமை. ஒரு எழுத்து தப்பினா முழுப் பக்கமும் மறுபடி அடிக்கணும். இனிமே அதைத் தொடவே கூடாதுன்னுட்டார் டாக்டர். இவ வேலையை விட மாட்டேங்கறா. பொண்ணு ஸ்கூலுக்குப் போனப்புறம் வெந்நீர்ல கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவளுக்குத் தெரிய வேண்டாமாம். அதுக்குத்தான் சார் இந்தக் கம்ப்யூட்டரே."

நேற்று ஜாம் பாட்டிலைத் திறந்து தரச் சொல்லி அம்மா என்னிடம் நீட்டினாள். "ஏண்டி, கையில என்ன மருதாணியா?" என்று அம்மா குரலிலேயே கேட்டுவிட்டுத்தான் திறந்து கொடுத்தேன். அம்மாவும் சிரித்தாள்.

சிநேகிதி இன்னும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வரவில்லை.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்... அதாவது பாருங்க... பச்சையையே எடுத்துடுங்க."

"என்ன சார், இப்பத்தானே எதிர்காலமே கலர்ல இருக்குன்னீங்க?"

"எதிர்காலம் மெதுவா வரட்டும் சார்! ஹார்ட் டிஸ்க் இருந்தா அடிச்சதெல்லாம் உள்ளேயே பத்திரமா இருக்கும். தப்பான எழுத்தை மட்டும் மாத்திட்டு பிரிண்டர்ல எடுத்துக்கலாம். முக்கியமா ஒண்ணு. கடைக்கு அவங்களையே கூட்டிட்டுப் போங்க. கீபோர்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. விரலை வெச்சாலே இறங்கணும். கொஞ்சம் கெட்டியா இருந்தாலும் வேற மாத்திக் கேளுங்க, விடாதீங்க!"

"தூசி அடையும்னீங்களே?"

"நான் துடைக்... உங்க பொண்ணைத் துடைக்கச் சொல்லுங்க!"

"அவளுக்குக் கலர் மேலதான் சார் ஆசை. ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கா, பாவம்."

"அது கெடக்குது சார் கழுதை! அம்மா கை சரியாகட்டும் முதல்ல!"

மூக்கால் பேச மறந்தே போயிருந்தேன்.

அந்தப் பக்கம் யாரோ தொண்டையைக் கனைப்பது கேட்டது. அப்பா இல்லை.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார் அப்பா. "பச்சை மிஷினைத்தான் இன்ஜினியர் சாரும் சொல்றார். போன் பண்றேன்னவர் நேர்லயே வந்துட்டார். 'நான் இன்ஜினியர் பேசறேன்'னு நீ ஆரம்பிச்சப்பவே என் எதிர்லதான் உக்காந்திருந்தார்!"