மூக்கு காலியான பென் பென்சில்

லெட் தீந்த பென் பென்சிலு, ஓடாத மிக்ஸி, எல்லாம் குப்பைதான்னு நீ சொல்லிட்டா ஆச்சா, வேலம்மா? கேளு. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை மேஜையில ஒரு பிராசஸர், அதான் கம்ப்யூட்டரோட மூளை, அழுதுட்டுக் கெடந்துச்சு. அதுக்கு அடியில நூத்துக்கணக்கா ஊசிக்கால். கீழ விழுந்ததுல மூணு கால் வளைஞ்சுபோச்சு. ஒண்ணு ஒடிஞ்சாலும் பழைய இரும்புக்கடைதான்.

"நவுருங்க, நவுருங்க"ன்னு வந்துச்சு இடுக்கி. எங்க சின்ன மச்சினரும் இப்படித்தான், கல்யாண வீட்டுல சாம்பார் வாளியப் புடுங்கி... அது கெடக்கட்டும். இடுக்கி புடிச்ச புடியில "ஐயோ, ஒடியுது!"ன்னு கத்துச்சு பிராசஸர்.

டப்பாவுல கெடந்த பென் பென்சிலுக்கு மனசு கேக்கல. "நான் பாக்கட்டுமாண்ணே?"

"உன்கிட்ட லெட்டே இல்ல, நீ என்னத்தக் கிழிக்கப்போற?"ன்னுச்சு இடுக்கி.

பென்சில் டப்பாவ விட்டு எறங்குச்சு. காலியா இருந்த மூக்கு ஓட்டைக்குள்ள வளைஞ்ச கால் ஒண்ணச் சொருகிக்கிச்சு. அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு! மெல்ல நிமித்துச்சு. அப்புறம் ரெண்டாவது, மூணாவது.

கடைக்காரர் பிராசஸர எடுத்து மாட்டுனதும் கம்ப்யூட்டருக்கு உசுரு வந்து ஃபேன் சுத்துச்சு பாரு, மேஜையே ஆடுச்சு! கடைக்காரர் சந்தோஷத்துல புது லெட் வாங்கிட்டு ஓடியாந்தாரு.

"ஐயய்யோ, வேணாம்ணே! மூக்கடைச்சுக்கும்!"ன்னுச்சு பென்சில்.

ஏ வேலம்மா! நீ குப்பையில போட்ட அந்த மிக்ஸிய உள்ள எடுத்துட்டு வாடி!