கிழக்கு மூலைப் பனியன்

“இன்னும் கொஞ்சம் தின்ன மாதிரி இருக்கணும் மாப்ள.”

“எது தின்ன மாதிரி மாமா? மண்புழுவா, கரையானா? தெளிவா சொன்னாத்தானே அதுக்கேத்த கத்தரியை எடுக்க முடியும்?”

பருத்தி வயலோரத்துக் கருவிக் கொட்டகையில், கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து மைத்துனன் பனியனை வெட்டிக்கொண்டிருந்தான். அவன் தொழில் முடிதிருத்துவது. அடர்ந்த முடியை மெலிதாக்கும் பல் வைத்த கத்தரி பட்ட இடத்திலெல்லாம், பூச்சி கடித்ததுபோலவே துணியில் ஓட்டை விழுந்தது. எதிரே வெற்று மார்போடு நின்றவருக்கு ஊரில் ‘அவசரம்’ என்றே பெயர். பனியன் அவருடையது. சற்று முன்புதான் உடம்பிலிருந்து கழற்றியிருந்தார்.

அவசரத்தின் கவலை இதுதான். ஒரு துணி கம்பெனி அவர்கள் பருத்தியை வாங்கிக்கொள்ள முன்வந்திருந்தது. கிழிந்த பிறகு உதிர்ந்த இலைபோல மண்ணோடு மண்ணாகிவிடும் உடைகள் செய்கிற கம்பெனி. உயிருள்ள மண்ணில் விளைந்த பருத்திதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். விதைப்பு முடிந்ததும் வயலின் மேற்கு மூலையிலும் கிழக்கு மூலையிலும் தலா ஒரு புதுப் பனியனைப் புதைத்துவிட்டு, அதேபோல ஒன்றை அவசரத்துக்கும் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது அவர் கழற்றிக் கொடுத்திருந்தது அதைத்தான். அறுவடையில் தோண்டிப் பார்ப்பார்கள். மண் துணியைத் தின்றிருந்தால் ஒப்பந்தம்.

மண்ணை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது அவர் மனைவி. பல வருஷமாக உழவில்லை. இரண்டு பயிருக்கு நடுவிலும் தரையைச் சும்மா விடாமல் கொள்ளும் தட்டைப்பயறும் போட்டு மூடினாள். ஆடுகளை மேயவிட்டாள். அவசரம் செய்தது ஒன்றே ஒன்று. போன பருவத்தில் அவள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, கொடிக்களை தாங்காமல் கிழக்கு மூலையில் களைக்கொல்லி அடித்துவிட்டார்.

இன்று மதியம் சோதனை. கம்பெனி ஆளை அழைத்துவர மனைவி ரயிலடிக்குப் போனதும் மனசு கேட்காமல் இரண்டு குழியையும் தோண்டினார். மேற்குப் பனியன் சல்லடையாகக் கைக்கு வந்தது. அதை முத்தமிடாத குறையாகத் திரும்ப வைத்து மூடினார். கிழக்குப் பனியனோ, மண்ணை உதறியதும் கல்யாணத்துக்கே போட்டுக்கொண்டு போகலாம்போல வெளுப்பாக இருந்தது. ஈரம்கூட ஒட்டவில்லை. பாழாய்ப்போன மருந்தின் வேலை.

“அக்காகிட்ட உண்மையைச் சொல்லிட்டா என்ன மாமா?”

“உங்கக்காவை உனக்குத் தெரியாது? மருந்து அடிச்சேன்னு தெரிஞ்சா என்னையும் ஒரு குழியில போட்டு, எப்ப மக்குறேன்னு பாப்பா.”

“லேசுல மக்க மாட்டீங்க,” என்றான் மைத்துனன், அடுத்த ஓட்டையைப் போட்டபடி.

கந்தலை டீத்தூள் தண்ணீரில் முக்கி, மண்ணில் புரட்டி, கிழக்குக் குழியில் வைத்து மூடினார்கள். மேலே சருகைப் பரப்பியதும் தோண்டிய தடமே தெரியவில்லை. கத்தரிப் பல்லுக்குப் பிடிகொடுக்காமல் வழுக்கிய அந்த வெளுத்த பனியன் மைத்துனனின் பைக்குள் சீப்புகளுக்கு அடியில் போனது.

வந்தவள் ஒரு சின்னப் பெண். அந்தக் கம்பெனியில் உடைகளை வடிவமைப்பவளாம். விதைநெற்றுபோலத் தானே மூடிக்கொள்ளும் பை, வண்டின் இறக்கைபோல மடியும் மழைக்கோட்டு எல்லாம் இவள் கைவேலையாம். வரப்பில் நடக்கும்போதே ஒரு சிலந்தி வலையின் முன் குந்திவிட்டாள். அவசரத்துக்கு உயிர் வந்தது. பூச்சியை வேடிக்கை பார்க்கிறவளை ஏமாற்றுவதா கஷ்டம்?

மேற்குக் குழியைத் தோண்டினார்கள். சல்லடையை வெயிலுக்கு நேரே பிடித்து, “இந்த ஓட்டைங்களை அப்படியே ஒரு சால்வையில நெய்யணும்,” என்றாள். மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிழக்குக் குழியை அவசரமே முந்திக்கொண்டு தோண்டினார். கந்தலைத் தூக்கிக் காட்டினார்.

“பாருங்கம்மா, இந்தப் பக்கம் மண்ணுக்குப் பசி இன்னும் ஜாஸ்தி.”

அவள் அதை வாங்கி விரித்தாள். இழுத்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவி அவளைப் பார்த்தாள், அப்புறம் புருஷனைப் பார்த்தாள். மைத்துனன் பையை எடுத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்கினான்.

“மேற்குக் குழியைப் பார்த்தப்பவே உங்க வயல் பாஸ் அண்ணா,” என்றாள் அந்தப் பெண். “யாரும் திருட்டுத்தனமா மாத்தி வச்சுடக் கூடாதுன்னு, எல்லா வயல்லயும் ஒரு குழியில பருத்தி வேஷம் போட்ட நைலானைத்தான் புதைப்போம்.”

கந்தலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“எந்த மண்ணும் தொடாத நைலானை உங்க மண்ணு எப்படித் தின்னுச்சுன்னு, அக்கா முன்னாடியே கொஞ்சம் சொல்லுங்களேன்.”